குத்தாத செடில்

மைனஸ் இருபதிலும் கையுறையைக் கழற்றிக் காருக்குள் எறிந்துவிட்டுத்தான் அருமைராசா அண்ணை கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டத் தொடங்குவார். விரல்கள் சிவந்து, வெளிறி, மடக்க முடியாமல் விறைக்கும்வரை விடமாட்டார். உள்ளே நடுங்கிக்கொண்டிருக்கும் நான், இந்த மனுசனுக்கு என்ன விசரா என்று வாய்க்குள் திட்டுவேன். ஏறி உட்கார்ந்ததும் கைகளைச் சூடுகாற்றுக்கு முன்னால் பிடிப்பார். விறைப்பு விடும்போது ஊசி ஊசியாகக் குத்துமே, அந்த நேரம் கண்ணை மூடிக்கொள்வார். பிறகுதான் வண்டி நகரும்.

லாசால் என்ற இந்தப் பனி ஊரில் எங்கள் இருவர் வீடும் ஒரே கட்டடம். வேலையும் ஒரே இடம், மீன்பெட்டி அடுக்கும் குளிரறை. அண்ணைக்குத் தேத்தண்ணி நாக்குப் பொசுங்கும் சூட்டில் இறங்க வேண்டும். கடைவாய்ப் பல்லை விறைப்பூசி போடாமல் பிடுங்கச் சொன்ன ஆள். பிடுங்கிய வெள்ளைக்காரப் பெண் “சா வா, மிசியே?”, தாங்குமா ஐயா என்று பிரெஞ்சில் கேட்டுக் கேட்டே களைத்துப்போனாளாம்; வியர்த்ததும் அவளுக்குத்தானாம். நாட்டில் பட்ட அடியில் உடம்பு மரத்துவிட்டது என்று சனம் சொல்லும். மரத்த உடம்பென்றால் நல்லதாய்ப் போயிருக்கும்.

வருடா வருடம் முருகன் கோயில் தேரன்று செடில் காவடி எடுப்பார். முதுகுத் தோலில் வரிசையாகக் கொக்கி ஏற்றி, பின்னால் நின்று கூட்டாளி விமலநாதன் கயிற்றை இழுத்துப் பிடிக்க, இவர் முன்னுக்குப் பாய்ந்து பாய்ந்து ஆடுவார். கயிறு தளர்ந்தால் திரும்பி ஒரு முறை முறைப்பார். சனம் அரோகரா போடும். அவருடைய மனைவி ஞானாம்பிகை அக்கா தண்ணீர்ச் செம்போடு பக்கத்திலேயே நடப்பார். அன்று பின்னேரம் காயத்துக்குத் திருநீறு வைப்பதும் அக்காதான். இப்படியொரு பக்தி யாருக்கு வரும் என்று என்னிடமே எத்தனையோ தரம் பெருமைப்பட்டிருக்கிறார்.

இந்தத் தை மாதம் அக்காவுக்குக் கணையத்தில் புற்றுநோய் என்றார்கள். அழுது ஓய்ந்தபின் அவர் செய்த முதல் காரியம் நேர்த்தி வைத்தது. தேருக்குத் தன் மனுசன் தனக்காகச் செடில் எடுப்பார், முருகா என்னை விட்டுவிடு என்று.

அடுத்த கிழமை அண்ணை கையுறையோடு பனி சுரண்டினார். தேத்தண்ணியை ஆறவைத்துக் குடித்தார். வயது போய்விட்டதோ என்று நக்கலடித்தேன். அவர் வண்டியை எடுக்கவில்லை. கண்ணாடியைப் பார்த்தபடியே கதைத்தார்.

“எனக்கு உடம்பு நோகிறதெண்டா விருப்பம் தம்பி. சின்னனிலை இருந்தே. செடில் ஏறேக்கை எனக்கு முருகன்ரை நினைவு வாறேல்லை. ஒருத்தற்றை நினைவும் வாறேல்லை. அந்த முள்ளு மட்டும்தான்.”

அவரே தொடர்ந்தார். இத்தனை வருடமும் கடவுளின் பேரைச் சொல்லித் தன் ஆசையைத் தீர்த்துக்கொண்டாராம். கோயில் ஐயரிடம் ஒருமுறை சுற்றி வளைத்துக் கேட்டபோது, அது பக்தியில் வரும் ஆனந்தம் என்று அவர் திருநீறு பூசி அனுப்பிவிட்டாராம். அந்த ஆனந்தம் இல்லை ஐயா என்று சொல்ல வாய் வரவில்லையாம்.

“அவளுக்காக எதை விடலாம் எண்டு பாத்தன். என்னட்டை இது ஒண்டுதான் கிடந்தது. விட்டிட்டன்.”

அக்காவிடம் சொல்லிவிடுங்கள் என்றேன். மூன்று தரம் தொடங்கினாராம். அவள் திருநீறு வைத்த முதுகல்லவா, எந்த முகத்தோடு சொல்வது என்றார். அப்படியென்றால் பேசாமல் குத்திக்கொள்ளுங்கள், அக்காவின் மனமாவது ஆறட்டும் என்று கத்தியே விட்டேன்.

“அவளை ஆத்தலாம். அவரை ஏமாத்தேலாது” என்றார். அவர் என்றது முருகனை.

தேரன்று அக்காவைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்தார்கள். விமலநாதன் கயிறும் கையுமாக வந்து நின்றார். அண்ணை பாற்செம்பை மட்டும் தூக்கிக்கொண்டு நடந்தார். சட்டையில்லாத முதுகில் பழைய தழும்புகளை எல்லாரும் பார்த்தார்கள். பறை முழக்கம் ஏற ஏற அவருடைய தோள் தானாகத் துள்ளியது. செம்பை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு தலையைக் குனிந்தார். மனுசி சாகக் கிடக்கிற நேரத்தில் இவருக்கு உடம்பு நோகுதோ என்று விமலநாதன் முகத்துக்கு நேரே கேட்டார். அண்ணை குனிந்த தலையோடு அடுத்த அடியை வைத்தார்.

அக்கா அதன்பின் அவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டுபோன என்னிடம்தான் சொன்னார்.

“ஊருக்கெல்லாம் ஆடினவர், தம்பி. எனக்கெண்டு ஒருக்காக் குத்த மனம் வரேல்லை.”

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்து மூடினேன். யாருக்கும் சொல்வதில்லை என்று அண்ணைக்குச் சத்தியம் பண்ணியிருந்தேன். அந்தச் சத்தியத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு அவர்மேல் கோபம்தான் வருகிறது. விட்டதால் ஏதும் நடந்ததா? இலை உதிரத் தொடங்கும்போது இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று டொக்டர் சொல்லிவிட்டார். அண்ணை அப்போதும் ஆறிய தேத்தண்ணிதான் குடித்தார்.

போன கிழமை மத்தியானம் நான் ஆஸ்பத்திரியில் நின்றபோது அக்காவுக்கு நோவு உச்சத்துக்கு ஏறியது. மருந்து போட நேர்ஸ் வருவதற்குள் துடித்துப்போனார். இத்தனை மாதமும் முகம் பார்க்காத மனுசி, எட்டிப் புருசனின் கையைப் பிடித்தார். அப்பாடா, பிடித்துவிட்டார் என்று எனக்குக் கண் கலங்கியது. பிடி இறுகியது. நகங்கள் புறங்கைத் தோலுக்குள் இறங்கி இரத்தம் கசிந்தது. அண்ணையின் நெற்றிச் சுருக்கமெல்லாம் நழுவி, காரில் சூடுகாற்றின் முன் மூடுவதுபோலக் கண்கள் மெல்ல மூடின.

சட்டென்று திறந்தார். ஒவ்வொரு விரலாக விலக்கித் தன் கையை எடுத்தார். போர்வை நுனியைச் சுருட்டி அக்காவின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை அதன்மேல் மடித்துவிட்டார்.