இழுத்தால் நிற்காத வண்டி

என் அப்பாவுக்கு மோட்டார் சைக்கிள் ஓட்ட ஒரே நாளில் வந்துவிட்டது. நிறுத்தத்தான் வரவில்லை. அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. எனக்கு நினைவு தெரிவதற்கு முன்பிருந்தே தோட்டத்தில் ரப்பர் பால் ஏற்றும் மாட்டு வண்டி ஓட்டியவர் அவர். கயிற்றை இழுத்தால் வண்டி நிற்கும் என்பது அவர் கைகளில் ஊறிப்போயிருந்தது.

பிறகு லாரி வந்தது, மாடுகளை விற்றுவிட்டார்கள். மாட்டோடு சேர்த்துத் தன் புருஷனையும் அனுப்பிவிடுவார்கள் என்று அம்மா கவலைப்பட்டுக்கொண்டிருந்தாள். அதற்குள் தோட்டத்துத் துரை அப்பாவுக்குத் தபால் வேலை போட்டுக் கொடுத்தார். தினமும் சிரம்பானுக்குப் போய்க் கடிதங்களையும் ஆஸ்பத்திரிக்கு மருந்தையும் கொண்டுவர வேண்டும். அது மலாயாவில் அவசரகாலம்; காட்டில் பதுங்கியிருந்த கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்காரப் பட்டாளம் சண்டை போட்டுக்கொண்டிருந்தது. ரப்பர் மரங்களுக்கு நடுவே சைக்கிளை மிதித்துக்கொண்டு போகிறவன் பத்திரமாகத் திரும்புவான் என்று அப்போது யாராலும் சொல்ல முடியாது. அதனால் பட்டாளத்தார் கழித்துவிட்ட ஒரு மோட்டார் சைக்கிளைத் துரை வாங்கினார். திங்கட்கிழமையிலிருந்து அப்பா அதில் போக வேண்டும்.

போவதற்கு இருந்தது ஒரே வழி. நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி. அதற்கு ஒரு கேட்டு. கேட்டில் மணல் மூட்டைகளுக்குப் பின்னால் துப்பாக்கியோடு மீசை முளைக்காத மலாய்ப் பையன்கள். அவர்கள் கத்தினால் நிற்க வேண்டும். நிற்காத வண்டியைச் சுடலாம் என்று அவர்களுக்கு உத்தரவு. பக்கத்துத் தோட்டத்தில் காது மந்தமான ஒருவர் சைக்கிளை நிறுத்தாமல் போய் உயிரை விட்டிருந்தார். காவலுக்கு நின்ற பையன்களுக்கும் காட்டைப் பார்த்தால் பயம்தான் என்பதால் பெரியவர்கள் அந்தக் கேட்டை நினைத்து இரண்டு மடங்கு பயந்தார்கள். எனக்கு வயது ஏழு. என் காதில் யாரும் இதையெல்லாம் போடவில்லை. அப்பா நிற்கப் பழக வேண்டும் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும்.

பழக்கிவிட வந்தவர் மாமா. அம்மாவின் தம்பி; அப்பாவின் மாடுகளுக்கு வேலையில்லாமல் செய்த அந்த லாரியை ஓட்டியவரும் அவர்தான். வேலிக்குள் இருந்த பந்துத் திடலில் சாயங்காலம் பாடம் நடக்கும்.

"கண்ண டயர்ல வைக்காதிங்க மச்சான், போற எடத்துல வைங்க. செம்மண்ணுல முன் பிரேக்க வெடுக்குன்னு புடிச்சா கவுத்துரும். மொதல்ல வலது கை முறுக்க தளத்துங்க, பெறவு கால் பிரேக்க மெதுவா மிதிங்க. அவ்வளவுதான்லா."

அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். முன்கூட்டிச் சொல்லிவிட்டு நிறுத்தச் சொன்னால் அழகாக நிறுத்தவும் செய்தார். திடீரென்று யாராவது கத்தினால்தான் வினை. முழங்கை இரண்டும் தானாகப் பின்னால் போகும். கைப்பிடியை மாட்டுக் கயிறு மாதிரி நெஞ்சோடு சேர்த்து இழுப்பார். அந்த இழுப்பில் வலது கை முறுக்கு முழுசாகத் திரும்பிக்கொள்ள, நிற்க வேண்டிய வண்டி பாய்ந்து ஓடும். ஒருமுறை "ஹோ, ஹோ" என்று அதட்டிக்கொண்டே கோல் கம்பத்தைத் தாண்டிச் சாக்கடையில் இறங்கினார். லயமே வயிறு குலுங்கச் சிரித்தது. எனக்கு அவமானமாக இருந்தாலும் நானும் சிரித்தேன். குழாயடியில் குடத்தோடு நின்ற அம்மா மட்டும் சிரிக்கவில்லை. குடம் நிரம்பி வழிவதையும் அவள் கவனிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாமாவுக்கு ஒரு யோசனை வந்தது. மண்ணில் ஒரு கோடு கிழித்து, காவல்காரராக என்னை அதன் ஓரத்தில் நிறுத்தினார். துப்பாக்கிக்கு ஒரு மரவள்ளிக் குச்சி. எப்போது தோன்றுகிறதோ அப்போது "பெர்ஹெந்தி" என்று கத்த வேண்டும். கேட்டில் பையன்கள் நிற்கச் சொல்லிக் கத்துவது அப்படித்தான். அதுவரை எனக்கு அவ்வளவு பெரிய உத்தியோகத்தை யாரும் கொடுத்ததில்லை.

அப்பா வந்தார். நான் தொண்டை கிழியக் கத்தினேன். அவர் இழுத்தார். வண்டி கோட்டைத் தாண்டிச் சீறிக்கொண்டு போய், தூரத்தில் எப்படியோ நின்றது. நான் என் கடமையைச் செய்தேன். குச்சியைத் தோளில் வைத்துக் குறி பார்த்தேன்.

"டுமீல்! அப்பா செத்துட்டாரு."

அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து காட்டினார். மாமா கைதட்டிச் சிரித்தார். அடுத்த நிமிஷம் என் கன்னத்தில் பளாரென்று ஓர் அறை விழுந்தது. அம்மா எப்போது வந்தாள் என்றே தெரியவில்லை. என் கையிலிருந்து குச்சியைப் பிடுங்கிக்கொண்டு அவள் கோட்டுக்குப் போனாள். என்னைப்போல ஓரத்தில் நிற்கவில்லை. வண்டி வரும் வழிக்கு நட்டநடுவில் போய் நின்றாள்.

"அக்கா, வெளாடாத. தள்ளி நில்லுக்கா" என்றார் மாமா. அம்மா அவர் பக்கம் திரும்பவே இல்லை. "வாங்க" என்றாள் அப்பாவைப் பார்த்து.

அப்பா வெகுநேரம் தயங்கினார். பிறகு வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தார். பாதித் திடல் தாண்டியதும் அம்மா ஒரு கத்துக் கத்தினாள். அவள் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. அப்பாவின் முழங்கைகள் ஒருமுறை துடித்தன, ஆனால் பின்னால் போகவில்லை. முறுக்கு தளர்ந்தது, இரைச்சல் அடங்கியது. அம்மாவின் சேலைக்கு ஒரு முழம் முன்னால் வண்டி நின்றது.

"ஒனக்கு என்ன, புத்தி கெட்டுப் போச்சா?" என்றார் அப்பா. அவர் முகம் வெளுத்திருந்தது.

"நாளைக்கு கேட்டுலயும் நாந்தான் நிக்கிறேன்னு நெனச்சுக்குங்க" என்றாள் அம்மா.

மறுநாள் கேட்டில் அப்பா ஒழுங்காக நின்றார். அவசரகாலம் முடிகிற வரைக்கும் நின்றார். வேலியைப் பிரித்துப் போட்ட பிறகும் அந்த இடம் வந்தால் காலை ஊன்றிவிட்டுத்தான் போவார்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை இதெல்லாம் எனக்கெங்கே தெரியும்? கன்னம் எரிய, மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றிருந்தேன். அம்மா என் பக்கம் வந்து குச்சியை நீட்டினாள். குச்சியின் நுனி நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது. என்னை அவ்வளவு ஓங்கி அறைந்ததில் அவள் கைக்கும் வலிக்கிறது போலிருக்கிறது என்று நினைத்தேன். நன்றாக வலிக்கட்டும் என்றும் நினைத்துக்கொண்டேன்.