நகம் வைத்தவர்

குமாரபாளையத்தில் எனக்குப் பல்செட் செய்துகொடுத்தவர் ஒல்லியானவர். வேலையின்போது யார் பேசினாலும் தலை நிமிர மாட்டார். அந்தச் சித்திரையில், விசைத்தறியில் சிக்கி நகத்தை வேரோடு இழந்த ஒரு பெண்ணுக்குப் பல்செட் செய்யும் அக்ரிலிக்கிலேயே நகம் வைத்துக்கொண்டிருந்தார். அக்ரிலிக் பவுடரில் கலக்கும் திரவ மருந்துப் பாட்டில் மண்பானைத் தண்ணீரில் கிடந்தது.

"பானையில எதுக்குங்க?"

"வெயிலுக்குப் பவுடரோட சேந்ததும் இறுகிப்போயிருமுங்க. குளிர வெச்சு, துளித்துளியா வெக்கோணும்."

ஐப்பசியில் மறுபடி போனேன். அதே பெண் கையை நீட்டியிருந்தாள். அவர் அந்த நகத்தின் நுனியை அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"ஒடஞ்சுபோச்சுங்களா?"

"இல்லீங்க. வளந்திருக்குது."

"அடியில நெச நகம் முளைக்குதுங்களா?"

"அடியில ஒண்ணுமில்லீங்க. நான் வெச்சதுதான் வளருது."

முதன்முறையாகத் தலை நிமிர்ந்தார். "உங்க பல்லு எப்பிடி இருக்குதுங்க?"

பல்செட் இறுக்குகிறது என்று சொல்லத்தான் போயிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.