மருந்து தடவாத விதை

எங்கள் அக்காவின் முப்பத்தோராம் நாள் வழிபாட்டில் கலந்து, இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் அக்காவைத் தெய்வமாக்கி எழுதப் போவதில்லை. மற்றவர்களின் மலர்களில் அப்படி வாசித்தால், "ஆரிவர்? நமக்குத் தெரிஞ்ச ஆளப் போல இல்லையே" என்று கேட்கிறவர் அவர். அவருக்குப் பயந்துதான் இதை எழுதுகிறேன்.

அக்கா தேற்றாத்தீவில், அப்பாவின் வெற்றிலைத் தோட்டத்தோடு ஒட்டிய வீட்டில் மூத்தவராகப் பிறந்தார். அவருக்குப் பின் நான் ஒருவன்தான். பாடசாலை விட்டு வந்ததும் புத்தகத்தை வைத்துவிட்டுக் கொடிகளுக்குத் தண்ணீர் வார்க்கப் போய்விடுவார். அப்பா காலமான வருடத்தில்தான் அவருக்குச் சிங்களப் பகுதியில் இருந்த விவசாயப் பாடசாலையில் இடம் கிடைத்தது. பெண் பிள்ளையை அவ்வளவு தூரம் தனியே விடுவதா என்று சொந்தக்காரர்கள் தடுத்தார்கள். அம்மாவோ பெட்டியைக் கட்டிக் கொடுத்தார்.

விவசாயப் போதனாசிரியராகத் திரும்பி வந்த அக்காவுக்கு எந்தப் பயிரையும் வளர்க்கத் தெரியும், சோறு ஆக்கத்தான் தெரியாது. கடைசிவரை எங்கள் வீட்டில்தான் இருந்தார். "இதாலதான் உன்ன ஒருத்தனும் கட்டல்ல" என்று நான் சீண்டினால், "கட்டியிருந்தா உன்ட பொஞ்சாதிட கறிய ஆருடா திண்டிருப்பா?" என்பார். என் மனைவிக்கு அது போதும். அடுத்த வேளை அக்காவின் சோற்றுக் கோப்பையில் ஒரு மீன்துண்டு கூடுதலாக விழும்.

போர்க்காலத்தில் கரடியனாற்றுக்கு அப்பால், மலையடியில் இருந்த ஊர்கள் அக்காவின் பொறுப்பில் இருந்தன. வாவியைத் தாண்டிப் போவது ஆபத்து என்பதால், நகரத்து அலுவலகத்தில் இருந்தே வேலை பார்க்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். "பயிர் அங்க, நான் இஞ்ச இருந்து என்னத்தப் பாக்குற?" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவார். திரும்பி வரும்வரை அம்மா வாசல் படலையடியிலேயே நிற்பார். எனக்குக் கோபம் கோபமாக வரும்.

ஒரு மாரியில் மலையடி ஊர் ஒன்று இடம்பெயர்ந்து, மழை ஓய்கிற நேரத்தில் திரும்பி வந்தது. வயல் வட்டையில் நெல் விதைக்கும் காலம் தாண்டியிருந்தது. உழவு மாடுகளும் இல்லை. நிவாரண அரிசி எந்த நாளிலும் நின்றுவிடலாம் என்ற நிலை. அக்கா மலைச்சரிவில் இறங்கி, ஈரம் காயாத மண்ணைக் கையில் அள்ளிப் பார்த்து, "கச்சான் போடலாம்" என்றார். நிலக்கடலை விதைக்காக அலுவலகத்துக்கு அலையாய் அலைந்தார். விதை கிடைத்தது. கூடவே ஒரு பிரச்சினையும் வந்தது.

அதற்கு முன் வேறோர் ஊரில் விதைக்கக் கொடுத்த கச்சானைச் சனங்கள் பசியில் அவித்துத் தின்றுவிட்டார்கள். அது அக்காவின் மேலதிகாரியை உறுத்திக்கொண்டே இருந்தது. நல்ல மனிதர்தான். அக்காவைக் கூப்பிட்டு, "மிஸ், பருப்ப மருந்துத் தூளில பிரட்டிக் குடுங்க. சிவப்பாக் கெடந்தா ஒருத்தரும் வாயில வைக்கமாட்டாங்க" என்றார். எறும்பும் பூஞ்சணமும் அண்டாமல் இருக்க விதைக்கு இந்தச் சிவப்பு நச்சு மருந்தைத் தடவுவது வழக்கம்தான். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை.

"பெரியாக்கள் வைக்கமாட்டாங்க, சேர். பசிச்ச புள்ளைக்குச் சிவப்பென்ன, வெள்ளையென்ன? கழுவித்துத் தின்னும்."

"இதையும் திண்டு முடிச்சாங்களெண்டா மறுகா அந்த ஊருக்கு ஒரு திட்டமும் வராது. நீங்கதான் பதில் சொல்லணும். வேலைக்கும் ஆபத்து."

"நான் சொல்றன், சேர். மருந்து மட்டும் போடமாட்டன்."

இதை வீட்டில் வந்து சொன்னபோது, "உனக்கென்ன விசரா? உன்ட வேலையும் போயி, அந்தச் சனத்துக்கும் ஒண்டும் இல்லாமப் போகப்போகுது" என்று கத்தினேன். அக்கா தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்தார்.

"பசியோட இருக்கிற ஆக்களுக்கு முன்னால கச்சான் மூட்டைய அவுத்து வைச்சித்து, தின்னாதேயுங்க எண்டு சொல்றது நாயமாடா? முதல்ல தின்னக் குடுப்பம். நீ போயிக் கோயில் கிடாரத்தக் கேட்டு வாங்கித்து வா."

நான் திட்டிக்கொண்டே போய் அந்தப் பெரிய அண்டாவை வாங்கி வந்தேன். அவித்துத் தின்பதற்கென்று தனியாக ஒரு மூட்டைக் கச்சானை ஏறாவூர் முஸ்லிம் வியாபாரி நானா ஒருவரிடம் அக்கா வாங்கினார். விடயத்தைக் கேட்ட நானா, உப்பையும் கருப்பட்டியையும் தன் பங்காகச் சேர்த்துக் கட்டிவிட்டார். விதை, கிடாரம், விறகு எல்லாவற்றையும் என் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு பதுளை வீதியால் போனோம். சோதனைச் சாவடியில் ஒவ்வொரு மூட்டையாக அவிழ்க்கச் சொன்னார்கள். "நீ வாயத் திறக்காத" என்று என்னிடம் சொல்லிவிட்டு, அக்கா சிங்களத்தில் நிதானமாகப் பேசினார். வெயிலில் நெடுநேரம் நிறுத்தி வைத்த பிறகு விட்டார்கள்.

ஊர்ச்சனம் மரத்தடியில் கூடியிருந்தது. கிடாரத்தில் கச்சான் அவிந்தது. அக்காவைப் பக்கத்தில் வரவிடாமல் பெண்களே உப்புப் போட்டார்கள். முதலில் பிள்ளைகள், பிறகு பெரியவர்கள், வயிறு முட்டத் தின்று கருப்பட்டியோடு தேத்தண்ணியும் குடித்தார்கள். அதன் பிறகுதான் அக்கா விதை மூட்டையை அவிழ்த்தார். எல்லோரும் வட்டமாக இருந்து கோது உடைத்தார்கள். கதையும் சிரிப்புமாக இருந்தது. பொழுது சாயுமுன் சரிவு முழுவதும் வரிசை வரிசையாக விதை இறங்கிவிட்டது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு பருப்பும் ஒருவர் வாய்க்கும் போகவில்லை. திரும்பி வரும்போது அக்கா பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வந்தார்.

முளை வந்திருக்கும் என்று கணக்குப் பண்ணி மறுபடி போனோம். சரிவே பச்சையாகக் கிடந்தது. ஒரு வீட்டுக்குப் பின்னால் மட்டும் வரிசைகள் நடுநடுவே வெறுமையாக இருந்தன. அந்த வீட்டுப் பூமணி ஓடி வந்தார்.

"மிஸ், என்ட புள்ள கிண்டித் திண்டுத்தாள் மிஸ். விதைச்ச மறுநாள் விடியச் சாமத்தில எழும்பிப் போயிருக்காள். எனக்குத் தெரியாது. அடிச்சும் போட்டன். ஒபிசில சொல்லிப் போடாதேயுங்க மிஸ்."

அக்கா அப்படியே வரம்பில் குந்திவிட்டார். அந்தச் சின்னப் பெண்ணை மடியில் இழுத்து, "வயித்துக்க நோவுதா கிளி?" என்று கேட்டார். விதைத்து எத்தனையோ நாளாகிவிட்டது, அந்த விதையில் மருந்தும் இல்லை என்பதுகூட அவருக்கு அப்போது தோன்றவில்லை. பிள்ளை தலையை ஆட்டி, "இல்ல. இனிச்சிச்சு" என்றது. அக்கா சிரித்தார், அழுதார், எது எதுவென்று எனக்குத் தெரியவில்லை. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இடைவெளியெல்லாம் சோளன் போடு பூமணி. புள்ளைக்கு இனி அடிக்காத" என்று சொல்லிச் சோளன் விதையைக் கொடுத்தார். எனக்கும் ஒரு கட்டளை வந்தது. இந்தக் கதை ஒபிசுக்குப் போகக் கூடாது.

அந்த வருடம் ஊர் தின்றது போக, விற்றது போக, அடுத்த போகத்துக்கு விதையும் எடுத்து வைத்தது. அதைப் பார்த்து அலுவலகமே பக்கத்து ஊர்களுக்கும் கச்சான் கொடுத்தது. அங்கேயும் அக்கா கிடாரத்தோடுதான் போனார்.

ஓய்வு பெற்ற பிறகும் ஆட்கள் வாடிய இலையைப் பொத்திக்கொண்டு வீட்டுக்கு வருவார்கள். கடைசி மாதங்களில் நடக்க முடியாமல் போனது. அப்போதும் முகம் சுளிக்கவில்லை. ஒரு காலையில், என் மனைவி அவருக்கு முகம் கழுவிவிட்டுத் திரும்புமுன் போய்விட்டார். குறையென்று சொல்ல ஒன்றுமில்லாத சாவு. இருந்தும் வீடு வெறிச்சென்று கிடக்கிறது.

அவரைப் பிள்ளைபோல் பார்த்த என் மனைவிக்கும், மாமி மாமி என்று சுற்றி வந்த என் பிள்ளைகளுக்கும், மருந்து கொடுத்த வைத்தியருக்கும், பந்தல் போட்டவர்களுக்கும், செத்தவீட்டுக்கு வந்து குசினிச் சமையலையே பொறுப்பெடுத்த ஏறாவூர் நானாவின் மக்களுக்கும், மலையடியில் இருந்து ஒரு பஸ் நிறைய வந்த சனங்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

இன்னும் ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும். அக்காவின் அந்த மேலதிகாரி ஐயாவும் செத்தவீட்டுக்குத் தடியூன்றி வந்திருந்தார். அவர் பக்கத்தில் இருந்த பூமணி, ஆள் யாரென்று தெரியாமல், மகள் விதையைக் கிண்டித் தின்ற கதையை அவரிடமே சொல்லிவிட்டார். அந்த மகள் தன் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு எல்லோருக்கும் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டிருந்தார். ஐயா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். போகும்போது என் கையைப் பிடித்தார்.

"தம்பி, இவ்வளவு காலத்தில மிஸ் எனக்கு இத ஒரு சொல்லும் சொல்லல்ல. மலர் அடிக்கிறதெண்டா, மருந்து போடச் சொன்னது நான்தான் எண்டு எழுதுங்க. என்ட பேரப் போட்டே எழுதுங்க."

எழுதிவிட்டேன், ஐயா. பெயரை மட்டும் போடவில்லை. போட்டால் அக்காவுக்கு யார் பதில் சொல்வது?

தம்பி