ஈறுக்குள் இரண்டு ஆணி

நோர்வூட்டிலிருந்து ஹட்டனுக்கு வேலைக்குப் போகிற பஸ்ஸில்தான் என் முன்பல் இரண்டும் போயின. வளைவில் டிரைவர் பிரேக் போட்டார். முன்சீட்டுக் கம்பியில் என் வாய் போய் மோதியது. கம்பிக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஹட்டனில் ஒரு புடவைக் கடையில் நிற்கிறவள் நான். வாயால் பிழைக்கிற தொழில். கழற்றி மாட்டுகிற பல் ஒன்று கட்டிக்கொண்டேன். அந்தச் சனியன், நான் "வாங்கக்கா, என்ன பாக்குறீங்க?" என்று கேட்டு முடிப்பதற்குள் நாக்கில் வந்து உட்காரும். ஒருநாள் விரித்துக் காட்டிய பட்டுச்சேலை மேலேயே விழுந்தது. கடைக்கார நானா, "பல்லுப் போனா சொல்லுப் போச்சுன்னு சும்மாவா சொன்னாங்க!" என்று சிரித்தார். நல்ல மனுசன்தான். ஆனாலும் அன்று அவரைக் கடித்துக் குதறலாம் போலிருந்தது. அதற்கும் பல் வேண்டுமே.

அம்மா குவைத்தில் வீட்டு வேலை செய்கிறாள். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் போனவள். என் பல் போன வருசத் தீபாவளிக்கு ஒரேயடியாக வந்துவிடுவதாக இருந்தாள். வீடியோ கோலில் என் வாயைப் பார்த்தாள், அவ்வளவுதான், ஒப்பாரி.

"பொட்டப்புள்ள இப்பிடிப் பொக்கையா நின்னா எவன்டி கட்டுவான்? எலும்புலயே வச்சு இறுக்குறாங்களாம்ல, அதைச் செய். காசு நான் அனுப்புறேன், இன்னும் கொஞ்ச நாள் இருந்துட்டு வாறேன்."

வேண்டவே வேண்டாம், நீ வா என்று சண்டை போட்டேன். கேட்டால்தானே? அவளுடைய பிடிவாதம்தான் எனக்கும் வந்திருக்கிறது. தீபாவளி அவள் இல்லாமலே போனது.

கண்டியில் ஒரு தனியார் பல் டொக்டரிடம் போனேன். சிங்களவர், தன்மையானவர். தாடை எலும்புக்குள் ஆணி மாதிரி இரண்டை இறக்கினார். எலும்பு அதைப் பிடித்துக்கொள்ளச் சில மாதம் ஆகும், பிறகு மேலே பல்லை வைத்தால் லேசில் அசையாது என்றார். "பய வென்ன எப்பா" என்று சிரித்தார். பயப்படாதே என்று டொக்டரே சொல்லும்போது நம்பாமல் என்ன செய்வது? அம்மா கூப்பிடும்போதெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு, "பல்லு இந்தா வந்துரும்மா" என்றேன்.

சொன்ன தேதிக்குப் போனால் ஷட்டர் இறக்கியிருந்தது. டொக்டர் குடும்பத்தோடு வெளிநாடு போய்விட்டார் என்று பக்கத்துப் பாமசிக்காரி சொன்னாள். இந்த நாட்டில் இருந்து என்ன ஆகப்போகிறது என்று எல்லோரும்தான் போகிறார்கள். என் அம்மாவும் போனவள்தானே. ஆனாலும் ஆணியை அடித்துவிட்டா ஐயா போவது?

ஹட்டனில் இன்னொரு டொக்டர் படம் எடுத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். ஒவ்வொரு கம்பனி ஆணிக்கும் அதற்கென்று செய்த பாகம்தான் பொருந்துமாம். என்னுடையது எந்தக் கம்பனி என்று அவருக்குப் பிடிபடவில்லை.

"தோண்டி எடுத்தா எலும்பும் சேந்து வந்துரும்மா. அப்புறம் புதுசா இறக்க இடமிருக்காது. இத இப்பிடியே விட்டுட்டு, கழட்டுற பல்லையே போட்டுக்குங்க."

நோர்வூட் பஸ்ஸில் திரும்பும்போது அழுகைகூட வரவில்லை. பல்தான் போயிற்று, அம்மாவையாவது வரவழைத்துவிடலாம் என்று மட்டும் தோன்றியது. வீட்டுக்கு வந்ததும் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

"பல்லும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்மா. நீ வந்துரு. முழங்கால் வேற வலிக்குதுங்கிற. கல்யாணம் ஆகாட்டி போகுது, நம்ம ரெண்டு பேரும் இருந்துக்குவோம்."

பின்னால் யாரோ அரபியில் அம்மாவைக் கூப்பிடுவது கேட்டது.

"போன வாரந்தான்டி இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கைநாட்டு வச்சேன்," என்றாள். "பல்லு வந்துரும், அடுத்து ஒனக்குக் கல்யாணச் செலவு இருக்கேன்னு."