நாற்பத்தொன்றுக்கு மஞ்சள்

எங்கள் பண்ணையில் மஞ்சள் நிறத்துக்கு ஒரே அர்த்தம்தான். மாட்டு டாக்டர் ஒரு பசுவின் பின்புறத்தில் மஞ்சள் ஸ்ப்ரே அடித்துவிட்டால் அது அறுப்புக்கூடத்துக்குப் போகிற மாடு. நீலம் என்றால் மருந்து ஓடுகிறது, பாலைத் தனியாகப் பிடிக்க வேண்டும். சிவப்பு என்றால் சினை பார்க்க வேண்டும். துபாய்க்கும் அல் ஐனுக்கும் நடுவே, மணலைத் தவிர வேறொன்றும் இல்லாத இடத்தில், பெரிய பெரிய மின்விசிறிகளை ஓட்டி, தண்ணீரைத் தூவி, மாடுகளைக் குளிர வைத்துப் பால் கறக்கிறோம். கறந்த மாடுகள் வெளியே வரும் பாதையில் ஓர் இரும்புக் கேட் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு பதினோரு வருஷமாக நிற்கிறவன் நான். மஞ்சள் வந்தால் இடது பக்கம் தள்ளுவேன். அங்கே லாரி நிற்கும்.

இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சிவகங்கைப் பக்கத்தில் மாட்டுக்குப் பொட்டு வைத்து வளர்த்த கை இது என்று நானே என்னைக் கேலி செய்துகொள்வதுண்டு. ஆனால் ஒவ்வொரு மாட்டின் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தால் டூட்டி ஓடாது. நிறத்தைப் பார், கேட்டைத் தள்ளு, அடுத்தது. அப்படியே பழகிவிட்டது.

என் ரூமில் கீழ்க்கட்டிலில் படுப்பவன் பால் கறக்கும் பிரிவில் வேலை செய்கிறவன். முப்பத்திரண்டு வயது. கோபமே வராத பிறவி. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பதால் எங்களுக்குள் பொருத்தம் சரியாக இருந்தது. இரண்டு வருஷம் அவனை 'ஏ பெங்காலி' என்றுதான் கூப்பிட்டேன். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தட்டைப் பார்த்தபடியே சொன்னான்.

"அண்ணா, நான் பெங்காலி இல்ல. அஸ்ஸாம்."

அண்ணா என்பது ஒன்றுதான் அவனுக்குத் தெரிந்த தமிழ். மற்றபடி நாங்கள் பேசிக்கொள்வது பண்ணை இந்தி. அவனுடையதும் ஓட்டை, என்னுடையதும் ஓட்டை.

"ரெண்டு வருஷமா ஏண்டா சொல்லல?"

"நீங்க கேக்கல."

உண்மைதான். தலைக்கு மேலே படுத்துக்கொண்டு இரண்டு வருஷம் ஒருத்தனின் ஊரைக்கூடக் கேட்காமல் இருந்திருக்கிறேன்.

கேட்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். சித்திரை பிறக்க ஒரு வாரம் இருக்கும்போது, லீவு நாளில் நான் பர் துபாய்க்குக் கிளம்பினேன். வருஷப்பிறப்புக்கு மாங்காயும் வேப்பம்பூவும் கோயில் பக்கத்துக் கடைகளில் கிடைக்கும். அவன் ஒரு துண்டுச்சீட்டை நீட்டினான். பச்சை மஞ்சள் கிழங்கு அரைக் கிலோ, தோலோடு கறுப்பு உளுந்து அரைக் கிலோ.

"என்னடா, இட்லியா, சாம்பாரா?"

"மாட்டுக்கு, அண்ணா."

அவர்கள் ஊரில் வருஷம் பிறப்பதற்கு முந்தின நாள் மாட்டுக்கான பிஹு பண்டிகையாம். காலையில் மாட்டை ஆற்றுக்கு ஓட்டிப்போய், உளுந்தும் மஞ்சளும் அரைத்துப் பூசிக் குளிப்பாட்டுவார்கள். சுரைக்காய், கத்தரிக்காய்த் துண்டுகளைத் தின்னக் கொடுத்து, வருஷத்துக்கு வருஷம் நீ பெருக வேண்டும் என்று மாட்டிடமே சொல்வார்கள். இலைக்கொத்தால் முதுகில் மெல்லத் தட்டுவார்கள். பழைய கயிற்றைக் கழற்றிவிட்டுப் புதுக்கயிறு கட்டுவார்கள். மறுநாள்தான் மனுஷனுக்கான பிஹு.

"மாட்டுக்கு மரியாதை தை மாசம்டா. சித்திரை வெயில்ல எவனாவது மாட்டுக்குப் பொங்கல் வைப்பானா?" என்று சண்டைக்கே போய்விட்டேன்.

தையிலும் ஒரு பிஹு உண்டு என்றான். விடியற்காலையில் வைக்கோலும் மூங்கிலும் அடுக்கிக் கொளுத்தி, சுற்றி நின்று கும்பிடுவார்களாம். ஐப்பசியில் இன்னொன்று. களஞ்சியம் காலியாகிக் கிடக்கும் மாதம் என்பதால் அதில் விருந்து கிடையாது, வயலில் ஒரு விளக்கு மட்டும் ஏற்றி வைப்பார்கள். அவன் விரல் விட்டுச் சொல்லச் சொல்ல எனக்கு ஒருமாதிரி ஆகிவிட்டது. எனக்குப் பொங்கல் வருகிற அன்றைக்கு அவனுக்கும் பண்டிகை. எனக்கு வருஷம் பிறக்கிற அன்றைக்கே அவனுக்கும் வருஷம் பிறக்கிறது. இரண்டு சித்திரை முதல் தேதிகளில் நான் மேலே உட்கார்ந்து பாயசம் குடித்திருக்கிறேன், அவன் கீழே சுவரைப் பார்த்துப் படுத்திருந்திருக்கிறான்.

மஞ்சள் வாங்கி வந்தேன். கூடவே ஒரு சுரைக்காயும் வாங்கினேன், அவன் கேட்காமலே.

பண்ணையில் இருக்கிற அத்தனை மாட்டுக்கும் மஞ்சள் பூச முடியாது. அவன் ஒன்றைத் தேர்ந்து வைத்திருந்தான். காதுப் பட்டையில் எண் நாற்பத்தொன்று என்று முடியும். முகம் கறுப்பு, பின்பாதி முழுக்க வெள்ளை. தலைச்சன் கன்று ஈன முடியாமல் அது தவித்த அன்று இவன்தான் தோள்வரை கையை விட்டுக் கன்றை இழுத்துப் போட்டானாம். அன்றிலிருந்து அவனைக் கண்டால் விடாது. பொதுவாகவே அதற்கு ஒரு பழக்கம் உண்டு. பக்கத்தில் யார் நின்றாலும் நாக்கை நீட்டி மணிக்கட்டை நக்கும். வியர்வை உப்புக்காக என்று நான் சொல்வேன். பாசம் என்று அவன் சொல்வான்.

மாட்டு பிஹுவுக்கு முந்தின நாள் சாயங்காலம் என் மிக்ஸியில் மஞ்சளையும் உளுந்தையும் அரைத்தான். ஜாடியைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூடி, அடி, பிளேடு எல்லாம் மஞ்சள்.

"பச்சை மஞ்சள் பட்டா போகுமாடா? வெள்ளையில ஏறினா ஏறினதுதான். என்ன தேய்ச்சாலும் போகாது," என்று கத்தினேன். அவன் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தான். போகவில்லை.

இதை நான் சொன்னேன். என் வாயால்தான் சொன்னேன். அடுத்த நாளைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் இந்த இடத்தில்தான் வந்து முட்டிக்கொள்கிறேன்.

மறுநாள் காலை கறவை முடிந்ததும், குழாயடியில் வைத்து நாற்பத்தொன்றுக்குத் தலை முதல் வால் வரை பூசி, தண்ணீர் பீய்ச்சிக் கழுவியிருக்கிறான். வேலி ஓரத்து வேப்பமரத்தில் ஒடித்த கொத்தால் தட்டியிருக்கிறான். சுரைக்காயும் கயிறும் ரூமில் இருந்தன. கொட்டகைக்குப் போய்விட்டால் அங்கேயே வைத்துக் கொடுத்துக்கொள்ளலாம் என்று, வெளியே போகிற வரிசையின் கடைசியில் அதைச் சேர்த்துவிட்டு, ரூமுக்கு ஓடியிருக்கிறான்.

அன்றைக்கு லாரி நாள். சீட்டில் ஆறு மாடு. ஆறையும் இடது பக்கம் தள்ளி முடித்திருந்தேன். வரிசையின் கடைசியில் இன்னொரு மஞ்சள் வந்தது. டாக்டர் காலையில் ஒன்றைக் கூடுதலாக அடித்திருப்பார், அது அடிக்கடி நடப்பதுதான் என்று நினைத்துக்கொண்டேன். வெள்ளைப் பின்புறம், அதில் மஞ்சள். வேறு எதையும் பார்க்கவில்லை. மணிக்கட்டில் ஈரமாக ஏதோ பட்டது. சீ போ என்று தட்டிவிட்டு கேட்டைத் தள்ளினேன். கொஞ்ச நேரத்தில் லாரி கிளம்பிவிட்டது.

ஒரு மணி நேரம் கழித்து அவன் வந்தான். கையில் நறுக்கிய சுரைக்காய், தோளில் புது நைலான் கயிறு. கொட்டகையில் காணோமே, இங்கே நிற்கிறதா என்று கேட்டான். சிரித்துக்கொண்டேதான் கேட்டான்.

என் கண் லாரி நின்ற இடத்துக்குப் போனதை அவன் பார்த்தான். சுரைக்காய்த் துண்டுகள் கீழே விழுந்தன. அவற்றைப் பொறுக்கக் குனிந்தவன், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

டிரைவர் பெஷாவர்க்காரர், நல்ல மனுஷர். போன் போட்டேன். இப்போதுதான் இறக்கிவிட்டேன், இன்னும் அறுப்புக்கூடத்துப் பட்டியில்தான் நிற்கிறது என்றார். நான் கேட்காமலே வீடியோவில் காட்டினார். ஆறு மாடுகள் மூலையில் ஒண்டிக்கொண்டு நின்றன. ஏழாவது மட்டும் கம்பி வேலி ஓரமாக, மஞ்சள் குளித்த உடம்போடு, கழுத்தை வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. அவன் போனை வாங்கி முகத்துக்குப் பக்கத்தில் வைத்து அவன் பாஷையில் ஏதோ சொன்னான். அதன் காது அசைந்தது.

உயிரோடு இருக்கிறது, அது போதும் என்று சூப்பர்வைசரிடம் ஓடினேன். எகிப்துக்காரர். முழுவதும் பொறுமையாகக் கேட்டார். பிறகு சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தைக் காட்டினார். பண்ணை வாசலைத் தாண்டிய மாடு மறுபடி உள்ளே வரக்கூடாது. பல பண்ணை மாடுகள் நின்ற பட்டியில் கால் வைத்துவிட்டால், அங்கிருந்து எந்த நோயைக் கொண்டுவரும் என்று யாருக்குத் தெரியும்.

"நல்ல மாடு சார். பால் கறக்கிற மாடு. தப்பா ஏறிடுச்சு."

"மாஃபி. கலாஸ்," என்றார். கிடையாது, முடிந்தது என்று அர்த்தம். அவருக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது, முகத்தில் தெரிந்தது. ஆனாலும் கலாஸ்தான்.

எனக்கு நம்பவே முடியவில்லை. உயிரோடு நிற்கிற மாடு, தப்பு நடந்துவிட்டது என்று எல்லாருக்கும் தெரிகிறது, கூட்டிவர லாரியும் இருக்கிறது. ஆனால் கூட்டிவர முடியாது.

மாட்டுக்கு மஞ்சள் பூசியது யார் என்று விசாரித்தார்கள். "நான்," என்று அவன் கையைத் தூக்கினான். எழுத்தில் ஒரு எச்சரிக்கை கொடுத்தார்கள். கேட்டில் நின்றது யார் என்று யாரும் கேட்கவில்லை. மஞ்சளைப் பார்த்தால் இடது பக்கம் தள்ள வேண்டும், தள்ளினேன். சட்டப்படி என்மேல் ஒரு தூசி இல்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் விடிந்தது, சித்திரை ஒன்று. நான் வேப்பம்பூவைத் தொடவில்லை. கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். அவன் குளித்துவிட்டு வந்து, பெட்டியைத் திறந்து ஒரு துணியை எடுத்தான். வெள்ளைக் கைத்தறி, இரண்டு முனையிலும் சிவப்புக் கரையும் பூவும். கமோசா என்பார்கள். அவன் அம்மா நெய்து அனுப்பியது. மனுஷ பிஹு அன்றைக்கு வயதில் மூத்தவர்களுக்கு அதைக் கொடுத்து, காலைத் தொட்டு, போன வருஷம் செய்த பிழைகளைப் பொறுக்கச் சொல்லிக் கேட்பது வழக்கம் என்று அவனே முன்பு சொல்லியிருக்கிறான்.

என் முன்னால் மண்டியிட்டான். இரண்டு கையாலும் துணியை நீட்டினான்.

"அண்ணா, மன்னிச்சிருங்க. நான் பூசின மஞ்சளாலதான் உங்க கையில பாவம் வந்துருச்சு."

கேட்டில் நின்றது நான் என்று தெரிந்தும், விசாரணையில் அதைச் சொல்லாமல் பழியைத் தானே ஏற்றுக்கொண்டவன் அவன். திட்டியிருந்தால், சட்டையைப் பிடித்திருந்தால் தாங்கியிருப்பேன். துணியை வாங்கினேன். அது என் மணிக்கட்டின் மேல் கிடந்தது.

"நான் மூஞ்சியப் பாக்கலடா," என்றேன். "கலரத்தான் பாத்தேன்."

அவன் தலையை ஆட்டினான். பிறகு ஒன்றே ஒன்று கேட்டான்.

"கேட்டுல உங்க கைய நக்கினாளா, அண்ணா?"

"நக்கினா," என்றேன்.

அவன் முகம் கொஞ்சம் தெளிந்தது. நான் தட்டிவிட்டதை அவனிடம் சொல்லவில்லை.