ஷெர்லியின் ஐந்தாவது ஆட்டம்

என் தங்கை ஷெர்லி, லாலாகுடா ரயில்வே பணிமனை அலுவலகத்தில் எழுத்தர். விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைத்த வேலை. பகலில் கோப்பு, காலையும் மாலையும் ஜூடோ. பதினேழு வருஷம் ஆட்களைத் தூக்கிப் போட்டும், தானே தூக்கிப் போடப்பட்டும் வாழ்ந்தவள். கல்யாணப் பேச்சு எடுத்தவர்களையும் அப்படியே தூக்கிப் போட்டாள். இடது முழங்காலில் இரண்டு அறுவை சிகிச்சை ஆகிவிட்டது. இனி தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆக, எங்கள் ஊரிலேயே, கச்சிபௌலி அரங்கில் நடந்த பெண்கள் சர்வதேச அணிப் போட்டிதான் அவளுக்குக் கடைசி. இந்தியாவுக்காக ஒரே ஒரு பதக்கம், வெண்கலமானாலும் போதும் என்று கிடந்தாள்.

எங்கள் அம்மா ஆக்னஸ் தையல்காரி. வீட்டில் யார் எங்கே கிளம்பினாலும், உடையில் ஒரு அற்புத சுரூபத்தை, அதாவது மாதா உருவம் பதித்த நகமளவுத் தகட்டை, வெளியே தெரியாமல் வைத்துத் தைத்துவிடுவாள். என் பத்தாம் வகுப்புப் பரீட்சைச் சட்டையிலும் வைத்தாள். கணக்கில் முப்பத்தாறு வாங்கினேன். படிக்காதவனுக்கு மாதாதான் என்ன செய்வார், பாவம்.

போட்டிச் சட்டையின் நெஞ்சில் தேசியக் கொடிப் பட்டை தைக்கும் வேலையை ஷெர்லி அம்மாவிடம் கொடுத்தாள். ஊக்கு, கொக்கி எதுவும் இருக்கக்கூடாது, எதிராளிக்குக் காயமாகும் என்று சொல்லித்தான் கொடுத்தாள். அம்மா ஊக்கு வைக்கவில்லை. பட்டைக்கு அடியில் மாதாவை வைத்தாள். மாதாவைப் போய் யாராவது ஊக்கு என்று நினைப்பார்களா?

அணிப் போட்டியில் பக்கத்துக்கு ஐந்து பெண்கள். மூன்று ஆட்டம் ஜெயித்த அணிக்கு வெற்றி. வெண்கலத்துக்கான மோதலில் கஜகஸ்தானும் நாமும் இரண்டுக்கு இரண்டு. ஐந்தாவது ஆட்டம் ஷெர்லியுடையது. முன்கூட்டி உடையைச் சோதித்தவர்களுக்குத் தடித்த பட்டைக்குள் இருந்தது தட்டுப்படவில்லை. ஷெர்லி ஒரு புள்ளி முன்னால் இருந்தாள். இன்னும் நாற்பது நொடி. நான் மாடத்தில் நின்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தேன்.

எதிராளி அவள் சட்டையைப் பிடித்து இழுத்தபோது கொடிப் பட்டை கிழிந்தது. அந்தப் பெண் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள், ரத்தம். நடுவர் பட்டைக்குள் விரலை விட்டுத் தகட்டை எடுத்தார். உடையில் உலோகம் இருந்தால் தகுதிநீக்கம், அவ்வளவுதான் விதி. ஆட்டமும் போயிற்று, வெண்கலமும் போயிற்று. மற்ற நான்கு பெண்களும் தரையில் உட்கார்ந்து அழுதார்கள். ஷெர்லி மட்டும் நின்றுகொண்டே இருந்தாள்.

யார் வைத்தது என்று அதிகாரிகள் கேட்டார்கள். நானே வைத்துத் தைத்தேன் என்றாள். மாடத்திலிருந்து இறங்கி ஓடிவந்து உண்மையைச் சொல்லப் போன என் கையை, எலும்பு நோகப் பிடித்துக்கொண்டாள்.

“அம்மாட்ட சொல்லிறாதண்ணே. அவங்க தாங்கமாட்டாங்க.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அம்மா மேலா, விதி மேலா, மாதா மேலா என்று இன்றும் தெரியவில்லை. கூட ஆடிய காஞ்சனா அதன்பின் அவளோடு பேசவில்லை. வேண்டுமென்றே வைத்து ஆடினாள் என்றுகூடச் சிலர் சொல்கிறார்கள். ஷெர்லி வாயைத் திறப்பதில்லை. நானும்தான், சத்தியம் வாங்கிவிட்டாள்.

மகள் அடிபடுவதைப் பார்க்கமாட்டாமல் அம்மா எந்தப் போட்டிக்கும் வந்ததில்லை. அன்றும் கோவிலில் ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், புள்ளியில் தோற்றுவிட்டதாக நான் சொன்னேன். அம்மா ஷெர்லியின் கழுத்து, தோள், முழங்கால் எல்லாவற்றையும் தடவிப் பார்த்தாள். பிறகு சோறு போட்டுக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

“தோத்தாத் தோத்துட்டுப் போகுது. மேல ஒரு கீறல் இல்லாம வந்துட்டே பாரு. நெஞ்சுல மாதாவ வச்சுல்ல தைச்சு அனுப்பினேன்.”

“ஹவ்மா,” என்று எங்கள் ஊர் வழக்கில் ஆமாம் போட்டாள் ஷெர்லி. தட்டிலிருந்ததை முழுவதும் சாப்பிட்டு முடித்தாள்.