நாற்பதரை கோல்

எங்கள் ரப்பர் எஸ்டேட் கிளப் சுவரில் ஒரு பலகை இருந்தது. அந்நாள்வரை அதிக கோல் போட்டவர்களின் பெயர்ப் பட்டியல். முதல் பெயர் ஆட்களை வேலை வாங்கும் எங்கள் மண்டோருடையது, பக்கத்தில் நாற்பதரை. எப்படி ஒருவர் அரை கோல் போட முடியும் என்று எவனும் கேட்டதில்லை. பந்து கோட்டில் பாதி உள்ளே, பாதி வெளியே நின்றிருக்கும் என்றே சின்ன வயதிலிருந்து நம்பியிருந்தேன்.

எண்பதுகளின் நடுவில், ராசா ஊர் டீமுக்கு எதிராக ஒரு பெனல்டி அடித்து நாற்பத்தொன்றைத் தொட்டேன். அரை கோல் வித்தியாசத்தில் சரித்திரம். டீமுக்குச் செக்ரட்டரியும் நானே. பலகையில் என் பெயர் ஏறுமுன் எல்லாம் முறைப்படி இருக்கட்டும் என்று பழைய கோல் புத்தகங்களைத் திறந்தேன். அந்தக் கொழுப்புதான் வினையானது.

அவற்றை எழுதியவர் எஸ்டேட்டின் பழைய கிராணி. ஆள் வருகை எழுதிப் பழகிய கை, கோலுக்கும் அதே கணக்கைப் போட்டிருந்தது. ஓடி ஆடிப் போட்டால் முழு நாள், ஒன்று. பெனல்டி என்றால் நின்ற இடத்தில் செய்த வேலை. அரை நாள், அரை. மழை பெய்தால் பால்வெட்டு கிடையாதே, அதனால் மழையில் ஆடிய ஆட்டங்களில் "மழை, வேலை இல்லை" என்று எழுதிக் கோடு கிழித்துவிட்டார். கெர்லிங் ஊரில் நடந்த ஓர் இறுதியாட்டமே அந்தக் கோட்டுக்குள் போயிருந்தது.

பென்சிலால் கணக்குப் போட்டேன். பெனல்டியை முழுசாக எண்ணினால் மண்டோர் நாற்பத்தாறு. அரையாக எண்ணினால் நான் முப்பத்து மூன்று. எப்படிப் போட்டாலும் அவர்தான் மேலே. மழை கோல்கள் வேறு தனி, அவை எத்தனை என்று புத்தகத்தில் எண்ணிக்கையே இல்லை. எனக்குப் பொல்லாத கோபம் வந்தது, கிராணிமேல் அல்ல, புத்தகத்தைத் திறந்த என்மேல்.

ஞாயிறு காலை மண்டோரே சிவப்புப் பெயிண்ட் டின்னோடு கிளப்புக்கு வந்தார். புத்தகத்தைத் தொடைக்கு அடியில் தள்ளி அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன்.

"உன் பேர நானே எழுதறேன்லா தம்பி. என்னைத் தாண்டுனவன் நீதானே."

"ஐயோ, எதுக்குங்க மண்டோர்" என்றேன். குரல் எலிக்குரலாக வந்தது.

ஸ்டூலில் ஏறி, பிரஷை முக்கிக்கொண்டு, தன் எண்ணையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இந்த அரை இருக்குல்ல, அத அழிக்கச் சொல்லி கிளப்புல எத்தனையோ தடவ சொன்னானுங்க. நான் விடல."

"ஏன் மண்டோர்?"

"யாராச்சும் ஒருத்தன் அது என்னன்னு கேப்பான்னுதான். கேட்டா, மழையில ஆடுனதையும் சேத்துச் சொல்லலாம்ல. நானாப் போயிச் சொன்னா பீத்தலாப் போயிடும். இத்தன வருசத்துல ஒருத்தனும் கேக்கல."

எனக்கு முகம் சுட்டது. எழுந்து, சூடேறிக் கிடந்த புத்தகத்தை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

"அந்த அரை என்னங்க மண்டோர்?" என்று கேட்டேன்.

ஸ்டூலிலேயே உட்கார்ந்து கெர்லிங் மழையிலிருந்து ஆரம்பித்தார். டின்னில் பெயிண்ட் ஆடை கட்டும்வரை நிறுத்தவில்லை. அப்புறம் நானே ஸ்டூலில் ஏறி அவருடைய நாற்பதரையை அழித்து நாற்பத்தாறு என்று எழுதினேன். என் பெயரை அதற்குக் கீழே, கொஞ்சம் சின்ன எழுத்தில் எழுதிக்கொண்டேன்.